கட்டைவிரல் பதியாத தாள்கள்

மாலை ஆறு மணி. ஆங்கில டீச்சர் விடைத்தாள் கட்டின்மேல் தலை சாய்ந்து கிடந்தாள். உயிர் இல்லை. பக்கத்தில் காலித் தம்ளர். அதில் விஷ வாடை. இடது கட்டைவிரல் முழுக்கச் சிவப்பு மை.

"மத்தியானம் வந்திருந்த உங்கண்ணன் நாலு மணிக்கே கிளம்பிட்டாரு, வாட்ச்மேன் பாத்திருக்கான்," என்றார் இன்ஸ்பெக்டர், இறந்தவளின் தங்கையிடம். "கட்டு முழுக்கத் திருத்தியாச்சு. உங்கக்கா வேகத்துக்கு முடிக்க அஞ்சரையாவது ஆகியிருக்கும், அதுவரைக்கும் உயிரோடதான் இருந்திருக்காங்க. அப்ப வீட்டுல இருந்தது வேலைக்காரி மட்டும்தான்."

"சத்தியமா நான் ரூம் பக்கமே போகலம்மா! திருத்துறப்ப கூப்பிட்டா அவங்களுக்குக் கோவம் வரும்," என்று கதறினாள் வேலைக்காரி. அவளை ஜீப்பில் ஏற்ற வெளியே கூட்டிப் போனார்கள்.

தங்கையும் அதே பள்ளியில் ஆங்கில டீச்சர். தாள்களைப் புரட்டினாள். எல்லாம் கமா போடும் பயிற்சி. வாக்கியத்தின் நடுவில் 'who' என்று தொடங்கி வரும் துணைத்தொடரை அக்கா கட்டைவிரலால் மறைத்துவிட்டு மிச்சத்தைப் படிப்பாள். யாரைச் சொல்கிறது என்று அப்போதும் விளங்கினால் அந்தத் தொடர் வெறும் கூடுதல் தகவல், இருபுறமும் கமா. விளங்காவிட்டால் தொடர் அவசியம், கமா கூடாது. ஒழுகும் பேனாவின் முள்ளைத் துடைப்பதும் அதே விரலில்தான். 'டீச்சர் கைநாட்டு வெச்சுட்டாங்க' என்று பள்ளியே கேலி செய்யும்.

முதல் பாதித் தாள்களில் வரிக்கு வரி சிவப்பு ரேகை. அதற்குப் பிறகு ஒன்றுகூட இல்லை.

தாள்களோடு எழுந்து போனாள். செய்தி கேட்டு ஓடிவந்திருந்த அண்ணன், டியூஷன் சென்டரில் ஆங்கிலம் நடத்துகிறவன், அடுத்த அறையில் தனியாக உட்கார்ந்திருந்தான்.

"பாதிக் கட்டை நீதானே திருத்தினே?"

"என்ன உளர்றே?"

"ஒரு கமாகூடத் தப்பல. வேலைக்காரிக்கு ஏபிசிடியே தெரியாது. விரல் வெக்காம அக்கா ஒரு வரி தாண்டமாட்டா. அவ மத்தியானமே போயிட்டா. பொணத்துக்குப் பக்கத்துல உக்காந்து நாலு மணி வரைக்கும் நீ அவசரமாத் திருத்தியிருக்கே."

"அவகிட்டருந்து கேள்வித்தாளை எடுத்து முன்கூட்டியே என் டியூஷன் பசங்களுக்குக் குடுத்தது தெரிஞ்சுபோச்சு அவளுக்கு. நாளைக்கு ஹெட்மாஸ்டர்கிட்ட சொல்றேன்னா. கால்ல விழுந்தேன். மசியல."

வெளியே ஜீப் புறப்பட்டது. அப்பா அம்மா போய்ச் சேர்ந்து வெகுகாலம் ஆயிற்று. இப்போது அக்காவும் இல்லை.

"நானும் போயிட்டா உனக்குன்னு யாருடி இருக்கா?"

"யாரும் இல்ல," என்றாள். அழுதுகொண்டே ஜீப்பை நிறுத்த ஓடினாள்.