துரையின் பாதி மீசை

துரைக்கு மீசை போனது மதியம் இரண்டு மணிக்கு. முழு மீசையும் போயிருந்தால்கூடப் பரவாயில்லை. இடது பக்கம் மட்டும் போயிருந்தது.

துரை என்றால் உயிருள்ள துரை இல்லை. அருங்காட்சியகத்தின் பெரிய கூடத்தில் ஆள் உயரச் சட்டத்துக்குள் நிற்கும் ஓவியம். நூற்றைம்பது வருடத்துக்கு முன்னால் கடல் கடந்து ஆள வந்த படை அதிகாரி அவர். ஒரு கையில் தொலைநோக்கி, மறு கையில் சுருட்டிய வரைபடம். பெரிய ஆறு பிறக்கும் இடத்தை அவர்தான் கண்டுபிடித்தார் என்று சட்டத்தின் அடியில் பித்தளைத் தகடு சொல்லும்.

"அங்கே ஆடு மேய்ச்சவங்களுக்கு அது முன்னாடியே தெரியும். அவங்களுக்குத் தகடு அடிக்கத்தான் ஆள் இல்ல" என்பார் எறும்பின் அம்மா.

எறும்பு நாலாம் வகுப்புப் படிக்கும் சிறுமி. அம்மாவுக்குப் பழைய ஓவியங்களைச் சுத்தம் செய்யும் வேலை. பஞ்சு சுற்றிய குச்சியை மருந்தில் நனைத்து, ஒரு நாளைக்கு உள்ளங்கை அளவு இடம்தான் துடைப்பார். பள்ளி விடுமுறை என்பதால் எறும்பும் கூடவே வந்துவிடுவாள். பூதக்கண்ணாடியைக் கண்ணில் வைத்துக்கொண்டு ஓவியத்தை அங்குலம் அங்குலமாகப் பார்ப்பாள். அதனால்தான் அந்தப் பெயர்.

பழைய சாயத்தில் முடியைவிட மெல்லிய விரிசல்கள் ஓடின, வற்றிய குளத்துத் தரை மாதிரி. எறும்புக்கு அவை பாதைகள். ஒவ்வொரு பாதையிலும் கண்ணாலேயே நடந்துபோய், அதை நோட்டில் வரைந்து பெயரும் வைத்தாள். துரையின் மூக்கு பெருமலை. காது எதிரொலிக் குகை. மீசை நுழையாக் காடு. இடது கன்னத்திலிருந்து ஐந்து பாதைகள் கிளம்பி மீசையின் ஓரத்தில் நின்றுவிட்டன. உதட்டுப் பக்கம் ஐந்து பாதைகள் வெளியே வந்தன. நடுவில் என்ன நடக்கிறதோ, யாருக்குத் தெரியும்?

அன்றைக்கு அம்மா மீசைக்கு வந்து சேர்ந்தார். நாலைந்து முறைதான் துடைத்தார். பஞ்சு முழுக்கக் கறுப்பு. அதே நேரம் பார்த்து அருங்காட்சியகத் தலைவர் உள்ளே வந்தார்.

தலைவருக்கும் அச்சு அசலாகத் துரையின் மீசைதான். பன்னிரண்டு வருடமாக மெழுகு தடவி முறுக்கி வளர்த்தது. ஓவியத்தைப் பார்த்ததும் முதலில் தன் மீசை பத்திரமாக இருக்கிறதா என்று தடவிப் பார்த்துக்கொண்டார்.

"ஏம்மா, தூசியைத் துடைக்கச் சொன்னா மூஞ்சியைத் துடைச்சு வெச்சிருக்கீங்க. நாளைக்குக் காலையில இந்தக் கூடத்தைத் திறக்கிறோம், ஊரே பார்க்க வருது."

அதற்குப் பிறகு அவர் நிறுத்தவே இல்லை. அம்மா இனி ஓவியத்துக்குப் பத்தடி தள்ளித்தான் நிற்க வேண்டும். மீதிப் பதினான்கு படங்களின் வேலையும் கிடையாது. மற்ற ஊர் அருங்காட்சியகங்களுக்கும் கடிதம் போகும், இனி அம்மா கையில் யாரும் ஒரு படத்தையும் கொடுக்க மாட்டார்கள் என்றார்.

அம்மா மருந்து பாட்டிலையே பார்த்துக்கொண்டிருந்தார். அது காலையில் திறந்த புது பாட்டில். "மருந்து காரமா இருந்திருக்குமோ என்னவோ. தப்பு என்னோடதுதான் சார்" என்று மெல்லச் சொல்லிவிட்டுப் பையைக் கட்ட ஆரம்பித்தார்.

பத்தடி தள்ளி நிற்கச் சொன்னது அம்மாவைத்தானே, எறும்பை இல்லையே. அவள் முக்காலியில் ஏறிப் பூதக்கண்ணாடியை வைத்தாள். மீசை போன இடத்தைப் பார்த்தாள். மீசை இருந்த இடத்தைப் பார்த்தாள். பிறகு நோட்டைப் புரட்டினாள்.

"சார், மீசை அடியிலயும் பாதை போகுது."

"எந்தப் பாதை? முதல்ல கீழே இறங்கு."

"விரிசல் சார். கன்னத்துல இருந்து நேரா உதட்டுக்குப் போகுது. அஞ்சும் போகுது."

மருந்து பட்டுப் புதிதாக விரிசல் விட்டிருக்கும், அதுவும் அம்மாவின் கைங்கரியம்தான் என்றார் தலைவர். எறும்பு நோட்டை நீட்டினாள்.

"இது திங்கட்கிழமை வரைஞ்சது. இந்தப் பக்கம் அஞ்சு, அந்தப் பக்கம் அஞ்சு. இப்ப நடுவுல சேர்ந்திருக்கு, அவ்வளவுதான். மிச்சம் இருக்கிற மீசையைப் பாருங்க. அதுல ஒரு விரிசல்கூட இல்ல. முகம் வெடிச்சப்ப மீசை இருந்திருந்தா, அதுவும் சேர்ந்து வெடிச்சிருக்கணும்ல?"

கட்டிக்கொண்டிருந்த பையை விட்டுவிட்டு அம்மா நிமிர்ந்தார்.

"இவ சரியாத்தான் சொல்றா சார். அது முகத்தோட வரைஞ்ச மீசை இல்ல. முகத்துக்கு வயசான பிறகு யாரோ ஒட்ட வெச்ச மீசை."

தலைவர் பூதக்கண்ணாடியை வாங்கிக்கொண்டு முக்காலியில் ஏறினார். வெகுநேரம் பார்த்தார். அவர் மீசை நுனி துரையின் கன்னத்தை இரண்டு தடவை தொட்டுவிட்டது. பிறகு இறங்கி, அம்மாவின் பையைத் தானே எடுத்து வந்து கொடுத்தார்.

"மிச்சத்தையும் எடுத்துடுங்கம்மா. தப்பு என்னோடது. மீதிப் பதினாலு படமும் நீங்கதான் பண்ணணும்."

மாலைக்குள் மீதி மீசையும் பஞ்சோடு வந்துவிட்டது. உள்ளே இருந்தது ஒரு சின்னப் பையன் முகம். இருபத்தைந்து வயதுகூட இருக்காது. சிரிப்பை அடக்கிக்கொண்டு நின்றது. இந்த முகத்துக்குக் கம்பீரம் போதாது என்று யாரோ மீசை வரைந்து விட்டிருக்க வேண்டும்.

"இவரை முன்னாடியே பார்த்திருந்தா, எனக்குப் பன்னிரண்டு வருஷ மெழுகு மிச்சம்" என்றார் தலைவர்.

மறுநாள் காலை வாசலில் ஒரே களேபரம். கையில் சட்டம் போட்ட படத்தோடு வந்த ஓர் ஆளைக் காவலாளி உள்ளே விட மறுத்துக்கொண்டிருந்தார். படத்தோடு வெளியே ஓடுகிறவர்கள் உண்டு, உள்ளே வருகிற நீ யார் என்று கேட்டார். அந்த ஆளின் மேலுதடு மட்டும் வெளுத்துப் பளிச்சென்று இருந்தது.

எறும்பு ஓடிப்போனாள். "விடுங்கண்ணே, நம்ம தலைவர்தான். மேல்பூச்சுதான் போயிருக்கு."

தலைவர் விறைப்பாக உள்ளே நடந்து, துரைக்குப் பக்கத்தில் ஆணியடித்து அந்தச் சட்டத்தை மாட்டினார். உள்ளே இருந்தது எறும்பின் நோட்டுத் தாள். பெருமலை, எதிரொலிக் குகை, நுழையாக் காடு எல்லாம் இருந்தன. அடியில் புதிதாக ஓர் அட்டை: 'இந்த வழியைக் கண்டுபிடித்தவர்: எறும்பு, நான்காம் வகுப்பு.'

அன்று வந்த கூட்டம் துரையை ஒரு தடவை பார்த்தது. வரைபடத்தை வரிசையில் நின்று இரண்டு தடவை பார்த்தது.