சங்கு கேட்டு வந்தவர்கள்

கரீபியன் கடலிலுள்ள ஆண்டிகுவா தீவில் குலப்பெருமை பேசுவதில் வெர்லினை அடித்துக்கொள்ள ஆளில்லை. அடிமைத்தனம் ஒழிந்த அன்று சங்கு ஊதி ஊரைக் கூட்டியவர் அவளுடைய முப்பாட்டனின் தகப்பன் குவாமினா என்பது குடும்பக் கதை. நாளைய விடுதலை நாள் விழாவில் அதே சங்கை அவள் மேடையில் ஊதப்போகிறாள். ஊர்ப் பள்ளிக்கூடத்துக்கும் அவர் பெயரைத்தான் வைக்கிறார்கள்.

"மூச்சு புடிக்குமாடி? மேடையில புஸ்ஸுன்னு போச்சுன்னா நம்ம மானம் கப்பலேறிடும்," என்று சீண்டினான் பெரியப்பா மகன் சைலஸ்.

அதனால்தான் பழகிப் பார்க்க, வெயில் தாழுமுன் தனியாகப் பழைய கரும்பாலைக்கு வந்தாள். இடிந்த சுவர், சுற்றிலும் முட்புதர். அந்தத் தீவில் கரும்பு நட்டே ஐம்பது வருஷமாகிறது.

ஊதினாள். சங்கு கணீரென்று முழங்கியது.

கரும்புப்பாகு கொதிக்கும் வாசனை வந்தது.

பிறகு, காற்றே இல்லாமல், கரும்புத் தோகை உரசும் சத்தம்.

புதருக்குள்ளிருந்து ஆட்கள் ஓடிவந்தார்கள். கிழிந்த சாக்குத்துணி, தோளில் மண்வெட்டி. ஆணும் பெண்ணுமாக நாற்பது பேர் இருக்கும். அவள் முன்னால் வரிசையாக நின்றார்கள். வெர்லின் பயத்தில் இரண்டடி பின்வாங்கினாள். ஆனால் அவளைவிட அவர்கள்தான் அதிகம் நடுங்கினார்கள்.

ஒருவரும் அவள் முகத்தைப் பார்க்கவில்லை.

அவளுடைய வலது கையையே பார்த்தார்கள்.

கடைசியாக ஒருத்தி கைக்குழந்தையோடு மூச்சிரைக்க வந்து காலடியில் விழுந்தாள். "அடிக்காதீங்க குவாமினா கங்காணி. புள்ளைக்குப் பால் குடுத்தேன், அதான் நேரமாயிடுச்சு. நேத்து அடிச்சதே இன்னும் ஆறலய்யா."

கங்காணி!

தன் சனத்தை விடியுமுன் வயலுக்கு விரட்டத்தான் அந்த மனிதர் சங்கு ஊதியிருக்கிறார். துரை கொடுத்த சாட்டையும் அவர் கையில்தான் இருந்திருக்கிறது. இந்தச் சங்கையா வீட்டில் கண்ணாடிப் பெட்டியில் வைத்துக் கும்பிட்டோம் என்று வெர்லினை வெட்கம் பிடுங்கித் தின்றது.

"நான் அவர் இல்லம்மா... போயிடுங்க," என்று முணுமுணுத்தாள். யாரும் அசையவில்லை.

"சத்தம் ஊருக்கே கேட்டுச்சு, அசத்திட்ட!" என்றபடி சைலஸ் வந்தான். அந்த வரிசைக்குள் புகுந்து, வெறுங்காற்றில் நடப்பதுபோல் யார்மேலும் இடிபடாமல் நடந்து வந்தான். "என்னடி, பேயறைஞ்ச மாதிரி நிக்கிற?"

அப்போதே சொல்லியிருக்கலாம். வாய்வரை வந்ததுதான். பள்ளிக்கூடப் பலகையில் பெயர் எழுதியாகிவிட்டதே என்று நினைத்தாள்.

"ஒண்ணுமில்லண்ணே. தலைவலி."

மறுநாள் மேடையேறிச் சங்கை ஊதிவிட்டு, பழைய கதையையே ஒரு வார்த்தை மாறாமல் சொன்னாள். கைதட்டல் அடங்க வெகுநேரமாயிற்று. மேடைக்கும் முதல் வரிசை நாற்காலிகளுக்கும் நடுவே, கொளுத்தும் வெயிலில், அந்த நாற்பது பேரும் தலைகுனிந்து நின்றார்கள். வேறு யார் கண்ணிலும் அவர்கள் படவில்லை.

ஊரைப் பார்த்துக் கையசைக்க வெர்லின் வலது கையைத் தூக்கினாள்.

அந்தத் தாய் சட்டென்று திரும்பி முதுகைக் காட்டினாள், குழந்தைமேல் அடி விழாதபடி.