உயிர்ச்சேதம் இல்லை

பொதுமக்களின் கனிவான கவனத்திற்கு! தாராவிச் சந்துகளின் வரலாற்றிலேயே முதன்முறையாக, துன்பப்படுவோரின் கண்ணீரைத் துடைக்க எங்கள் தெருவில் ‘ஆறுதல் படை’ உதயமாகியுள்ளது!

படைக்குத் தலைவர் மளிகைக்கடை வானமாமலை. தெருச் சங்கத்துக்கும் அவரே தலைவர். படையின் ஆயுதங்கள், ஆரஞ்சு நிறச் சட்டை, ஒரு மைக், ஒரு பெட்டி பிஸ்கட். படையிலேயே சின்னவள் ஆறாம் வகுப்பு ஜான்சி.

ஞாயிற்றுக்கிழமை படைக்கு வேலை வந்துவிட்டது. ஜான்சியின் தோழி உமாமகேஸ்வரி வீட்டார் கோவண்டிக்குக் கல்யாணத்துக்குப் போயிருந்தபோது, மின்கசிவில் அவர்கள் வீடு எரிந்துபோனது. திரும்பி வந்த உமா வாசலில் உட்கார்ந்து அழுதாள்.

“உயிர்ச்சேதம் இல்லை! ஆகவே யாரும் அழ வேண்டாம்!” என்று மைக்கில் முழங்கினார் வானமாமலை.

உமா இன்னும் பலமாக அழுதாள். ஆளாளுக்கு பிஸ்கட் கொடுத்தார்கள். மடி நிறைந்ததே தவிர, அழுகை நிற்கவில்லை.

“என்னம்மா, இவ்வளவு பேரு ஆறுதல் சொல்லுதோம், கொஞ்சமாச்சும் மரியாதை வேண்டாமா?” என்றார் தலைவர். “ஜான்சி, நீ அவ சேக்காளில்லா? போய்ச் சொல்லு.”

ஜான்சி போனாள். “உமா, உயிர்ச்சேதம்...” என்று தொடங்கியவள் அப்படியே நின்றுவிட்டாள்.

கரிந்த மூலையில் ஒரு கம்பிக் கூடை கவிழ்ந்திருந்தது. அதன்மேல் வைத்த கல் வைத்தபடியே இருந்தது.

அது கலெக்டரின் கூடை. கலெக்டர் உமாவின் சேவல். விடியலில் கூவித் தெருவையே எழுப்பும். மதியமும் கூவித் தூங்குகிறவர்களையும் எழுப்பும். அதனால் போன வாரம் சங்கம் கூடி, பகலில் சேவலை அடைத்து வைக்க வேண்டும் என்று கைதூக்கி முடிவு செய்தது.

ஜான்சி மேலே போட்டிருந்த ஆரஞ்சுச் சட்டையைக் கழற்றிவிட்டு உமாவின் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

“ஏட்டி... அன்னைக்கு நானும் கை தூக்குனேன்.”

“தெரியும். நீதான் மொதல்ல தூக்குன.”



“படிக்க முடியலன்னு தூக்கிட்டேன். தப்புட்டி.”

உமா மடியிலிருந்த பிஸ்கட்டுகளை ஒவ்வொன்றாகத் தரையில் வைத்தாள். ஜான்சி எழுந்து போகவில்லை.

கடைசி பிஸ்கட்டையும் வைத்துவிட்டு உமா சொன்னாள்: “உங்க வீட்டுக்குள்ள ஆய்வுக்கு வாற மாதிரியே நடந்து வருவான்லா?”

“ஆமா. எங்கம்மா வெளக்கமாத்த எடுத்தா மட்டும் கலெக்டரு ஓடுவாரு.”

உமா சிரித்தாள். சிரிப்பு பாதியிலேயே அழுகையானது. இந்த முறை இரண்டு பேரும் அழுதார்கள்.

“அட, ஆறுதல் சொல்லப் போனவளும் அழுதா எப்படி? உயிர்ச்சேதம்தான் இல்லையே!” என்றது மைக்.

“இருக்கு மாமா,” என்று ஜான்சி கூடையைக் காட்டினாள். “நாமதான் அடைக்கச் சொன்னோம்.”

வானமாமலை கூடையைப் பார்த்தார். கல்லைப் பார்த்தார். பிறகு மைக்கை அணைத்தார்.

மறுநாள் தெருவே நேரங்கழித்துத்தான் எழுந்தது.