மூன்றாவது திரையின் வெளிச்சம்

மேசையில் இருந்தவை இரண்டே திரைகள். பட்டியலில் மூன்று இருந்தன.

எக்ஸ்ரே படங்களைப் பார்த்து அறிக்கை எழுதும் டாக்டர் அவள். வீட்டின் பின்னறையில் கறுப்புப் படுதாவை இழுத்துவிட்டு, கணினியோடு இணைத்த இரண்டு திரைகளின் வெளிச்சத்தையும் ஒரே அளவுக்குக் கொண்டுவந்த பிறகுதான் முதல் படத்தைத் திறப்பாள். முன்பெல்லாம் திரையின் அடியில் கையைவிட்டுப் பொத்தானைத் துழாவ வேண்டும். தம்பி ஒரு சின்ன மென்பொருளை ஏற்றிக் கொடுத்ததிலிருந்து உட்கார்ந்த இடத்திலேயே கீபோர்டில் ஏற்றலாம், இறக்கலாம். அன்று மதியம் அதில் திரை 1, திரை 2 ஆகியவற்றின் கீழே திரை 3 என்று புதிதாக ஒரு வெளிச்ச அளவுக் கோடு, 100 என்ற எண்ணோடு நின்றது.

போன மாதம் பழுதுபார்க்கப் போன பழைய திரையின் மிச்சம் என்று நினைத்தாள். கழற்றிய திரையின் பெயர் பட்டியலில் ஒட்டிக்கொண்டிருப்பது சகஜம்தான். அசைத்துப் பார்த்து, எதுவும் மாறாவிட்டால் நீக்கிவிடலாம். சும்மா கிடந்த சங்கை ஊதிக் கெடுத்த கதையாக, அதை இருபதுக்கு இறக்கினாள்.

"அம்மா! ஏன் லைட்ட அணைச்சீங்க?"

முன்னறையிலிருந்து ஆறு வயது மகள். வீட்டில் அவளுக்குப் பெயர் வாலு. டாக்டர் எட்டிப் பார்த்தாள். ஜன்னல் வழியே வெயில் தரையெல்லாம் கொட்டிக் கிடந்தது; அதன் நடுவில் உட்கார்ந்து, கலர் பென்சிலை மூக்கு நுனிவரை கொண்டுபோய் என்ன நிறமென்று பார்த்துக்கொண்டிருந்தாள் வாலு.

இருண்டது அறையல்ல, பிள்ளையின் கண். ஓடிவந்து நூறுக்கு ஏற்றினாள்.

"ஹை, வந்துடுச்சு!"

பின்னறையில் கணினியின் காற்றாடி ஒரே சுருதியில் இரைந்துகொண்டிருக்க, சூடேறிய பிளாஸ்டிக்கின் வாசனைக்கு அடியில் ஈரமண் மாதிரி வேறொரு வாசனையும் மெல்லக் கிளம்ப, ஜன்னல் சாத்தியிருந்தும் படுதா ஒரு தடவை உள்வாங்கி வெளியே உப்ப, அவள் கையை மடியில் வைத்துக்கொண்டு அந்தக் கோட்டையே பார்த்தாள். தானாக நகர்ந்தது. 99. 98.

தம்பிக்குப் போன் போட்டாள். "டேய், இந்த மென்பொருளைத் தூக்கிடட்டுமா?"

"அது வெறும் ரிமோட் மாதிரிக்கா. வெளிச்ச அளவு திரைக்குள்ளதான் பதிஞ்சிருக்கும். தூக்கிட்டா உங்களால மாத்த முடியாது, அவ்வளவுதான். ஏன், என்னாச்சு?"

போனை வைத்தாள். 71. தூக்கினால் இறக்குகிற கை இறக்கிக்கொண்டே இருக்கும். ஏற்ற இவளுக்குத்தான் வழி இருக்காது.

"அம்மா, மறுபடியும் இருட்டுது..." இப்போது குரலில் அழுகை.

பயம் போன இடத்தில் கோபம் வந்து உட்கார்ந்தது. ஏற்றும் விசையில் விரலை வைத்து அழுத்தினாள்.

"யாருகிட்ட மோதுற? பெத்தவ நான். நீ இறக்கு, நான் ஏத்துறேன். யாரு முதல்ல களைக்கிறாங்கன்னு பாத்துடுவோம்."

80. 76. 85. விரல் நகம் வெளுத்தது. தோள் மரத்தது. விடவில்லை. 97. 99.

நூறு.

சட்டென்று எதிர்ப்பு இல்லை. கயிறு இழுக்கும் போட்டியில் எதிராளி கைவிட்ட மாதிரி.

101.

விரலை எடுத்தாள். எண் நிற்கவில்லை. 130. 190. இறக்கும் விசையைக் குத்தினாள். 260.

"அம்மா, இப்ப ரொம்ப நல்லாத் தெரியுது. சுவருக்கு அந்தப் பக்கம்கூட. அங்க நிக்கிறவங்க எல்லாரும் உங்களையே பாக்குறாங்க."

"கண்ண மூடுடா கண்ணு!"

"மூடிட்டேம்மா. அப்பவும் தெரியுது."

ஓடினாள். வெயில் மங்கலாகத் தெரிந்தது. அதைவிடப் பெரிய வெளிச்சம் மகளின் மூடிய இமைகளுக்குள்ளிருந்து வந்துகொண்டிருந்தது. பிள்ளையை வாரி மடியில் போட்டு, இரண்டு கைகளாலும் அந்தக் கண்களைப் பொத்தினாள்.

"விட மாட்டேன். என்ன வேணா பண்ணு. என் பிள்ளைய விட மாட்டேன்."

கைகள் சிவந்தன. தோல் மறைந்தது. சதை மறைந்தது. தன் விரல் எலும்புகள் துல்லியமாகத் தெரிந்தன.

அவற்றின் இடையில் வேறு எலும்புகள். இமைக்கு உள்ளேயிருந்து நீண்டு வந்து, அவள் விரல்களோடு கோத்துக்கொண்ட விரல்கள். ஒவ்வொன்றிலும் ஒரு கணு அதிகம்.

அவள் கையை எடுக்கவில்லை. இன்னும் அழுத்திப் பிடித்தாள்.

அவையும் அழுத்தின.