ஐம்பத்தெட்டாம் எண்

டி.சி. வாங்கத்தான் போனேன். பத்து நிமிட வேலை என்று அம்மா சொல்லியிருந்தாள்.

தனித்தேர்வராகப் பத்தாம் வகுப்புப் பரீட்சைக்கு விண்ணப்பிக்க அன்று கடைசி நாள். மாலை ஐந்து மணிக்குள் டி.சி.யோடு போய் நிற்க வேண்டும். தவறினால் இன்னும் ஒரு வருடம் வீட்டுச் சுவரையே பார்த்துக்கொண்டிருக்க வேண்டியதுதான்.

நான்கு மாதங்களுக்குப் பிறகு பள்ளிக்கூட வாசலைத் தாண்டினேன். மதிய இடைவேளை. பிள்ளைகள் எல்லோரும் மைதானத்தில் இருந்தார்கள், தாழ்வாரத்தில் ஆளில்லை. சாக்பீஸ் தூளும் ஈரச் சிமெண்டும் கலந்த அதே வாசனை. ஒரு காலத்தில் இது நூல் மூட்டைகள் அடுக்கும் கிடங்காம். ஊர் பெருகி இந்தப் பக்கம் வீடுகள் வந்ததும், குறுக்கே சுவர் எழுப்பி வகுப்பறைகளாக்கினார்கள். சுவர்கள் கூரையைத் தொடாது. ஓர் அறையில் பேசுவது அடுத்த அறையில் தலைக்கு மேலிருந்து கேட்கும்.

நான் பள்ளியை விட்டு நின்றதற்குப் பெரிய காரணம் இல்லை. எழுந்து வாசிக்கச் சொன்னார்கள். குரலே வெளியே வரவில்லை. "ஊமைக்கோட்டான்" என்று யாரோ சொல்ல, வகுப்பே சிரித்தது. மறுநாள் போகவில்லை. அதற்கு மறுநாளும்.

பத்து நாள் தொடர்ந்து வராவிட்டால் வகுப்பாசிரியை இரண்டு மாணவிகளோடு வீட்டுக்கு வந்து விசாரிப்பது எங்கள் பள்ளி வழக்கம். அம்மா வேலைக்குப் போனதும் மூன்று நாற்காலிகளைத் துடைத்துப் போட்டுவிட்டுக் காத்திருப்பேன். பத்தாவது நாள். பதினோராவது நாள். ஒரு மாதம். எங்கள் வீடு மூன்றாவது தெருவில்தான் இருக்கிறது.

ஒருவரும் வரவில்லை.

"நம்பர் என்ன?" என்றார் அலுவலக எழுத்தர்.

"ஐம்பத்தெட்டு சார்."

"வாயைத் திறந்து சொல்லும்மா, வெறும் காத்துதான் வருது."

மறுபடி சொன்னேன். மேசைமேல் இருந்த எங்கள் வகுப்பின் வருகைப் பதிவேட்டைப் புரட்டினார். காலையில் வருகை எடுத்ததும் எல்லாப் பதிவேடுகளும் அவரிடம் வரும். மதிய மணி அடித்ததும் வகுப்புக்குத் திரும்பிப் போகும்.

"நாலு மாசமா வரலைன்னா சொல்ற? இன்னிக்குக் காலைல கூட வந்திருக்கியே."

பதிவேட்டை என் பக்கம் திருப்பினார். என் பெயர். அதன் எதிரே கட்டம் கட்டமாக டிக். நான் நாற்காலி துடைத்த நாட்கள் அத்தனையிலும் டிக்.

"சார், நான் வரலை."

அவர் என் முகத்தையே பார்த்தார். பிறகு எழுந்து கதவைப் பாதி சாத்தினார். அலமாரியின் அடித்தட்டிலிருந்து அட்டை கிழிந்த ஒரு பதிவேட்டை எடுத்து விரித்தார்.

"பள்ளிக்கூடம் ஆரம்பிச்ச வருஷம். மொத்தம் நாப்பத்தொரு பசங்க. கீழ பாரு."

நாற்பத்திரண்டாவது வரி இருந்தது. பெயர் இல்லை. வருடம் முழுவதும் டிக். ஞாயிற்றுக்கிழமைகளிலும்.

"நான் வந்ததுலேர்ந்து நீ மூணாவது," என்றார் மெல்ல. "மூணும் கடைசி நம்பர், கடைசி பெஞ்ச், பேசாத புள்ளைங்க. புள்ளை நின்னுடும். வருகை நிக்காது."

"இப்ப என்ன சார் பண்றது?"

"உங்க மிஸ் உன் முகத்தைப் பாத்து, அவங்க கையால பேரை அடிக்கணும். அது இல்லாம நான் டி.சி. எழுத முடியாது. போ."

மணி அடித்தது. அட்டெண்டர் அக்கா பதிவேட்டை எடுத்துக்கொண்டு முன்னால் நடந்தார். அவர் உள்ளே போனார். நான் கதவோரம் நின்றுவிட்டேன்.

மிஸ் குனிந்தபடியே எண்களைக் கூப்பிட்டார். பெயர் சொல்லிக் கூப்பிட்டால் கால்மணி நேரம் போய்விடும்.

"ஐம்பத்தாறு."

"உள்ளேன் மிஸ்."

"ஐம்பத்தேழு."

"உள்ளேன் மிஸ்."

"ஐம்பத்தெட்டு."

"உள்ளேன் மிஸ்."

என் குரல்.

ஆனால் நான் ஒருநாளும் சொல்லாதபடி, தெளிவாக, ஆசையாக.

"இந்த வருஷம்தான் இவளுக்கு வாயே வந்திருக்கு," என்று சிரித்தபடி மிஸ் டிக் போட்டார்.

"இப்பல்லாம் எங்களைவிட ஊமைக்கோட்டான்தான் மிஸ் சத்தம்," என்றாள் முன்வரிசைக்காரி ஒருத்தி.

ஜன்னலோரக் கடைசி பெஞ்சைப் பார்த்தேன். காலி. அதை யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. நான் இருந்தபோதும் யாரும் பார்த்ததில்லை.

உள்ளே போனேன். "மிஸ்."

"யாரும்மா நீ? எந்த கிளாஸ்?"

"ஐம்பத்தெட்டு மிஸ்."

வகுப்பு என்னைப் பார்த்தது. பிறகு மெதுவாகப் பின்னால் திரும்பியது. யாரோ சிரிக்கத் தொடங்கி, பாதியில் நிறுத்தினாள்.

"அப்ப இவ்ளோ நாளா..." மிஸ் பதிவேட்டைப் பார்த்தார்.

"என் பேரை அடிச்சிடுங்க மிஸ். டி.சி. வாங்கணும். அஞ்சு மணிக்குள்ள குடுக்கணும்."

அந்த அறையில் நான் பேசியதிலேயே நீளமான பேச்சு அதுதான்.

சிவப்புப் பேனா காகிதத்தைக் கீறியது. என் பெயர்மேல் கோடு விழுந்தது.

என் காதுக்குப் பின்னால் குளிர்ந்தது.

"அப்ப நான் எங்க போறது?"

சற்றுமுன் 'உள்ளேன்' சொன்ன அதே குரல். கோபமாகக் கேட்கவில்லை. நான் கேட்டிருந்தால் எப்படிக் கேட்டிருப்பேனோ அப்படி.

வேறு யாருக்கும் அது கேட்டதாகத் தெரியவில்லை. ஓடியிருக்கலாம். ஆனால் மூன்று நாற்காலிகளைப் போட்டுக்கொண்டு வாசலையே பார்த்துக்கொண்டிருந்த பகல்கள் எனக்குத் தெரியும். உதடு மட்டும் அசையச் சொன்னேன்.

"என்கூட வா."

நாலரை மணிக்கு விண்ணப்பம் கொடுத்துவிட்டேன். வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் என் செருப்புச் சத்தம் மட்டும்தான் கேட்டது. அதற்குப் பிறகும் ஒன்றும் நடக்கவில்லை. ஏதோ கற்பனை என்றுகூட நினைக்கத் தொடங்கியிருந்தேன்.

பரீட்சை வேறொரு பள்ளியில். தனித்தேர்வர்கள் இருபத்தொன்பது பேர். கைக்குழந்தையை வெளியே விட்டு வந்தவர்கள், மீசை நரைத்தவர்கள். பெஞ்சுக்கு ஒருவராக உட்கார வைத்தார்கள். மூன்று மணி நேரமும் எழுதினேன். எல்லாக் கேள்விக்கும் விடை தெரிந்தது.

கண்காணிப்பாளர் விடைத்தாள்களை வாங்கி எண்ணினார். முகம் சுருங்கியது. மறுபடி எண்ணினார்.

"இருபத்தொன்பது பேர்தானே இருக்கீங்க? முப்பது பேப்பர் இருக்கே."

"சரியா எண்ணுங்க மேடம், பசிக்குது," என்றார் பின்னாலிருந்து ஒரு பெரியவர்.

மூன்றாம் முறையும் முப்பது.

நான் தலையைத் தூக்கவில்லை. என் பெஞ்சின் உட்பக்கம் மரம் மெல்ல முனகியது, யாரோ எழுந்து நிற்பதைப் போல.

காலை மடக்கிக்கொண்டு வழிவிட்டேன்.