எல்லா நினைப்பும் எனக்கே

தேன்மொழியின் வளை மறுபடியும் சிவந்தது. சாப்பாட்டுத் தட்டை நகர்த்திவிட்டு வளையைக் கன்னத்தில் வைத்துக்கொண்டாள்.

“அம்மாதான்க்கா. காலையிலேர்ந்து நாலாவது தடவை.”

பூங்கோதை சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தாள். அவளுடைய வளை, வாங்கிய முதல் வாரம் சூடானதோடு சரி. ஒன்றரை வருடமாகச் சில்லென்று கிடந்தது. பட்டுக்கோட்டையில் அம்மா சௌந்தரம் யாரை நினைத்தாலும், அவள் காதோரம் பதித்த சில்லு அதைப் பிடித்து நினைவஞ்சலில் அனுப்பும். அவர்கள் வளை சூடாகிச் சிவக்கும். தொலைபேசியில் பொய் சொல்லலாம், வளையில் முடியாது. அதுதான் மூத்தவளின் வயிற்றெரிச்சல். ஓசூரில் ஒரே கட்டடத்தில் அவள் மேல்மாடி, தங்கை கீழ்மாடி. தினமும் இந்தக் காட்சிதான்.

ஒவ்வொரு நினைப்புக்கும் முகவரி உண்டு: நினைப்பவர், நினைக்கப்படுபவர், என்ன நினைப்பு. அதை வேறொருவருக்குத் திருப்பிவிடும் விதியைக் குடும்பத்தில் யாரும் எழுதலாம். ஒருவர் எழுதியது மற்றவர் கண்ணில் படாது. அன்று மாலை பூங்கோதை ‘சௌந்தரம்/தேன்மொழி/பாசம்’ என்று எழுதி நிறுத்தினாள். பாசம் மட்டும் போதுமா? கவலை? கோபம்? அதுவும் தனக்கே வேண்டும். கடைசிச் சொல்லை அழித்துவிட்டு ஒரு நட்சத்திரக் குறி போட்டாள். எதுவானாலும் என்று அதற்குப் பொருள். இனி எல்லாம் பூங்கோதைக்கு.

மறுநாள் தேன்மொழியின் வளை குளிர்ந்துவிட்டது. அவள் அதைத் தட்டித் தட்டிப் பார்த்தபோது அக்காவுக்கு உள்ளூர இனித்தது. ஆனால் பூங்கோதையின் வளையும் சூடாகவில்லை. மூன்று வாரம் போயிற்று.

பிறகு இருவருக்கும் நினைவஞ்சலகத்திலிருந்து அறிவிப்பு வந்தது. சௌந்தரத்தின் நினைப்புகள் இரண்டு விதிகளுக்கிடையே சுற்றிச் சுற்றி, கடைசியில் அனுப்பியவருக்கே திரும்பிவிட்டன. ஒரு விதி பூங்கோதையுடையது. இன்னொன்று ஒன்றரை வருடப் பழசு: ‘சௌந்தரம்/பூங்கோதை/*’, எல்லாம் தேன்மொழிக்கு.

பூங்கோதை படியிறங்கி ஓடினாள்.

“எனக்கு வந்ததையெல்லாம் நீயாடி எடுத்துக்கிட்டே?”

“ஆமா.” தேன்மொழி மழுப்பவில்லை. “மொத வாரம் உனக்கு ஒரு நாளைக்குப் பத்து தடவை சூடாச்சு, எனக்கு ரெண்டு. எத்தனை நாள் பாத்துக்கிட்டே உக்காந்திருக்கிறது?”

முகம் பாராமல் ஆளுக்கொரு விதியை அழித்தார்கள். காத்திருந்தார்கள். வளைகள் சூடாகவில்லை. பூங்கோதை தொலைபேசியில் ஒலிபெருக்கியைப் போட்டு அம்மாவை அழைத்தாள்.

“எங்கள நினைக்கவே இல்லியாம்மா?”

“நினைச்சேன்டி. அம்புட்டும் சேரலைன்னு திரும்பி வந்துச்சு. ரெண்டு பேருக்கும் நான் பாரம்போலன்னு விட்டுட்டேன். இப்பல்லாம் உங்களப் பத்தி எது தோணுனாலும் பக்கத்து வீட்டு எஸ்தர நினைச்சுக்குவேன். அவ கை வளை சுட்டதும் ஒடனே வந்து நிப்பா. பழகிப்போச்சு.”

மறுமுனையில் கதவு திறக்கும் ஓசை. “கூப்பிட்டீங்களாம்மா?” என்றது ஒரு பெண்குரல்.

“இந்தா, வந்துட்டா. அப்பறம் பேசறேன்.”

அக்காவும் தங்கையும் குளிர்ந்த வளைகளோடு ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

“யாருக்கா அந்த எஸ்தர்?” என்றாள் தேன்மொழி.