பட்டியலில் இரண்டாவது

அவள் சேர்த்தது ஒரே ஒரு கணினி. பட்டியலில் இரண்டு இருந்தன.

மதியம் மூன்று மணிக்கே மழை இருட்டு. மொழிபெயர்ப்பு வேலைக்கென்று வாங்கிய புதுக் கணினி மேசைக்கடியில் உறுமிக்கொண்டிருக்க, அதன் சூடு பிளாஸ்டிக் வாசனையோடு கிளம்பி, ஜன்னல் சாத்திய அறையை மெல்ல நிறைத்து, அவள் கணுக்காலில் வெதுவெதுப்பாக மோதியது. கணவனைக் கொண்டுபோன நுரையீரல் நோய்க்கு மருந்து தேடும் ஆய்வுக்காக, ஊர் உலகமெல்லாம் இணையம் வழியாகத் தங்கள் கணினிகளைக் கணக்குப் போடக் கொடுக்கிறார்கள் என்று கொழுந்தன்தான் சொல்லியிருந்தான். கணினியின் மூளையான செயலியில் இருந்த பதினாறு கோர்களில் ஒன்றைத் தனக்கு வைத்துக்கொண்டு, பதினைந்தை இன்று காலைதான் கொடுத்திருந்தாள்.

அவனையே அழைத்தாள்.

“தம்பி, ரெண்டு மெஷின் காட்டுது. என்கிட்ட ஒண்ணுதானே இருக்கு?”

“ஆர்வக்கோளாறுல ரெண்டு தடவை சேர்த்திருப்பீங்க அண்ணி. இருங்க, நானும் அந்த ஆய்வுத் தளத்துல உங்க கணக்கைத் திறந்து பாக்கறேன்.” சிரிப்பு பாதியில் நின்றது. “ரெண்டாவது எட்டு மாசமா ஓடுதுன்னு இருக்கே. நீங்க சேர்ந்ததே இன்னிக்குத்தானே?”

எட்டு மாதத்துக்கு முன்னால் இந்த வீட்டில் எதுவும் ஓட ஆரம்பிக்கவில்லை. ஒன்று நின்றதுதான் உண்டு. அவர் மூச்சு.

குனிந்து பிளக்கைப் பிடுங்கினாள். திரை இருண்டது. உள்ளே சுழன்ற விசிறி தயங்கித் தயங்கி அடங்கியது.

“முதலாவது நின்னுடுச்சு அண்ணி,” என்றான். பிறகு, மெதுவாக, “ரெண்டாவது இன்னும் ஓடுது.”

உறுமல் கேட்டது. மேசைக்கடியில் இல்லை. சுவருக்கு அந்தப் பக்கம், எட்டு மாதமாக அவள் படுக்காத அறையில். இழுத்தது. நின்றது. மறுபடி இழுத்தது.

“அண்ணி? லைன்ல இருக்கீங்களா?”

போனை மேசையில் வைத்தாள். நடந்தாள். கதவின் அடி இடுக்கிலிருந்து சூடு வந்தது. பிளாஸ்டிக் வாசனை இல்லை. மருந்து. வியர்வை.

தாழ்ப்பாளை விலக்கினாள்.

கட்டில். போர்வை. கழுத்துவரை இழுத்துவிட்ட போர்வை. தலையணையில் தலை இல்லை. ஒரு பள்ளம் மட்டும்.

போர்வை ஏறியது. இறங்கியது. ஏறியது.

அவள் நிழல் அதன்மேல் விழுந்ததும் நின்றது.

பிறகு மெதுவாகச் சுவரோரம் ஒதுங்கி, கட்டிலில் அவளுக்கு இடம் விட்டது.